ஒரு கட்டைக்கு ஆசைப்பட்டு...

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இரண்டு ரகம். முதல் ரகம், நீலக் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து மூடி முட்டை முட்டையாகக் காற்று விடும் முதலை பொம்மை. நடுவே இரண்டு கோல்டு ஃபிஷ். இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இரண்டாவது ரகம்தான் ஆபத்து. இவர்களுக்குத் தொட்டிக்குள் ஒரு காடு வேண்டும். நிஜ மண், நிஜ செடி, நிஜ கட்டை. இந்த வியாதியைப் பரப்பியவர் ஜப்பான்காரர் தகாஷி அமானோ. சைக்கிள் பந்தய வீரராக இருந்து, போட்டோகிராபராகி, மழைக்காடுகளைச் சுற்றிவிட்டு, பார்த்ததையெல்லாம் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவந்தவர். 1990-களில் அவருடைய படப் புத்தகங்கள் உலகம் சுற்ற ஆரம்பித்ததும், பொம்மை முதலைகளுக்கு மவுசு போய்விட்டது. 2015-ல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொட்டி அமைத்துக் கொடுத்தார். அதே வருடம் காலமானார். அவர் போனாலும் வியாதி போகவில்லை. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் என் நண்பனைப் பிடித்துக்கொண்டது.

மூன்றடி தொட்டி வாங்கினான். தண்ணீர் மட்டும் 120 லிட்டர் பிடிக்கும். மண் போட்டான், லைட் போட்டான். கட்டைதான் பாக்கி.

கடையில் கட்டையை எடை போட்டு விற்கிறார்கள். கத்திரிக்காய் மாதிரி. 'மலேசியன் டிரிஃப்ட்வுட்' என்று பெயர். இவன் ஆசைப்பட்ட கட்டையைத் தராசில் வைத்த கடைக்காரர், "ஆயிரத்து எண்ணூறு" என்றார், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல்.

"மாப்ள, இந்தக் காசுக்கு விறகுக் கடையில ஒரு வருஷத்துக்கு அடுப்பெரிக்கலாம்டா" என்று வெளியே வந்து குமுறினான். அடுத்த நிமிடமே கணக்குப்பிள்ளை மூளை வேலை செய்தது. "அய்யனார் கோவில் ஆத்துல கட்டை சும்மாதானே கிடக்கு?"

தெரியாதவர்களுக்காக: ராஜபாளையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் போனால் மலையடிவாரம். அங்கே ஆற்றங்கரையில் நீர்காத்த அய்யனார் கோவில். மேலே அருவி. மா மரமும் புளிய மரமும் தாண்டிக் காடு ஆரம்பிக்கிற இடத்தில் காற்றே வேறு மாதிரி இருக்கும். ஊர்க்காரர்களுக்குக் கோவில், குளியல், கட்டுச்சோறு எல்லாம் ஒரே இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றில் இறங்கியவன் பத்தே நிமிடத்தில் ஒரு கட்டையோடு எழுந்தான். ஒப்புக்கொள்கிறேன், அழகான கட்டை. மான் கொம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்து, பட்டையெல்லாம் போய், ஆற்று மணல் வருடக்கணக்கில் தேய்த்துப் பளபளவென்று.

"மாப்ள, இது சரணாலயம்டா. வேண்டாம்" என்றேன்.

"செத்த கட்டைடா. மரத்தையா வெட்டினேன்?"

அதற்குள் காக்கிச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வந்துவிட்டார். வனக்காவலர்.

"தம்பி, அது என்ன?"

"காஞ்ச கட்டைண்ணே. மீன் தொட்டிக்கு."

"மீனுக்குக் கட்டை எதுக்கு? அது என்ன அடுப்பா எரிக்குது?"

"அழகுக்குண்ணே..."

"இங்க கிடந்தாலும் அழகாத்தான இருக்கு. எங்க எடுத்தீகளோ அங்கேயே வச்சுட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை எத்தன பேரு வாராக பாத்தீகள்ல? ஆளுக்கு ஒரு கட்டைன்னா நான் எதைக் காவல் காக்க?"

நண்பன் வைத்துவிட்டு வந்தான். பள்ளிக்கூடத்தில் பென்சில் திருப்பிக் கொடுக்கிற முகத்தோடு.

பெரியவர் நல்லவர், வாயோடு விட்டார். சட்டம் அப்படி விடாது. இந்தக் காடு 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. இந்தியாவில் 51-வது, தமிழ்நாட்டில் ஐந்தாவது. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-வது பிரிவு, சரணாலயத்திலிருந்து வன விளைபொருள் எதையும் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது என்கிறது. 'வன விளைபொருள்' என்றால் ஏதோ சந்தனம், தேக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1927-ம் வருட இந்திய வனச் சட்டத்தில் அதற்கு ஒரு நீளமான பட்டியல் இருக்கிறது. மரம், இலை, பூ, செடி, பாறை, மேல்மண்... நண்பனின் ஷாப்பிங் லிஸ்ட் மாதிரியே! தண்டனை மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022 திருத்தத்துக்கு முன் அபராதம் 25,000 ரூபாயாக இருந்தது. 1,800 ரூபாய் மிச்சம் பிடிக்க இவ்வளவு ரிஸ்க் எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சட்டம் வருவதற்கு ரொம்ப முந்தியே அய்யனாரிடம் இதே சட்டம் இருந்தது. நம் பக்கத்தில் எந்தக் கிராமத்துக் கோவில்காட்டில் போய்க் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே சுள்ளி பொறுக்கக் கூடாது, கிளையை ஒடிக்கக் கூடாது. மீறினால் சாமி சும்மா விடாது. அய்யனாரிடம் ஜாமீன் கிடையாது, வாய்தாவும் கிடையாது. இந்த அய்யனார் 'நீர் காத்தவர்' வேறு. ராஜபாளையத்துக்குக் குடிநீர் தருகிற ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு இந்த மலைத் தண்ணீர்தான் வருகிறது. ஆக, நண்பன் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினானே, அந்தத் தண்ணீரே அய்யனார் கோவில் பக்கத்திலிருந்து வந்ததுதான். கட்டை ஒன்றுதான் பாக்கி என்றால், அதை மலையிலேயே விட்டு வைப்பது மரியாதை.

செத்த கட்டைக்கு ஆற்றில் என்ன வேலை என்று நண்பன் திரும்பி வரும்போது கேட்டுக்கொண்டே வந்தான். நிறைய வேலை. வெள்ளம் வருகிறபோது மீன்குஞ்சு ஒண்டிக்கொள்வது அதன் பின்னால்தான். அதன் மேல் பாசி படர்கிறது, பாசியைப் பூச்சி தின்கிறது, பூச்சியை மீன் தின்கிறது. கட்டை தடுத்து நிறுத்திய இடத்தில் சருகும் மணலும் தங்கி, கோடையில் ஆறு சுருங்கும்போது ஒரு சின்னக் குழி மிஞ்சுகிறது. அந்தக் குழியில்தான் அடுத்த மழை வரை உயிர் பிழைத்திருக்கின்றன சில ஜீவன்கள். நாம் தொட்டியில் கட்டை வைப்பதே இந்தக் காட்சியைக் காப்பியடிக்கத்தானே? ஒரிஜினலைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து காப்பி எடுப்பது என்ன நியாயம்?

ஆற்றைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். கீழே வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். கணுக்கால் அளவு தண்ணீர் சட்டென்று கலங்கி, இடுப்புக்கு வந்துவிடும். சாமி கும்பிடப் போனவர்கள் மறுகரையில் சிக்கிக்கொள்ள, தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்டு வந்த செய்தியைப் பலமுறை படித்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வனத்துறை 'போகாதே' என்றால் போகாமல் இருப்பதுதான் புத்தி. தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானால் செருப்பைக்கூடத் தேடாமல் கரையேறிவிட வேண்டும்.

சரி, நண்பனுக்குக் கட்டை? அதுதான் கதையின் முக்கியமான பகுதி.

எந்தக் கட்டையையும் தொட்டியில் போட்டுவிட முடியாது. மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு வங்கி ஊழியர் ரோட்டோரம் கிடந்த, அழகாக வளைந்த ஒரு கிளையை எடுத்து வந்து, கழுவி, தொட்டியில் வைத்தார். சாயங்காலம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. காலையில் பதினொன்றும் மிதந்தன. கிளை என்ன மரம் தெரியுமா? அரளி. நான்கு வழிச்சாலைகளின் நடுவே வரிசையாகச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கிறதே, அதேதான். ஆடு மாடு வாய் வைக்காது என்றுதான் அதை அங்கே நடுகிறார்கள். ஆடு மாட்டுக்குத் தெரிந்தது அவருடைய எம்.எஸ்ஸி.க்குத் தெரியவில்லை. அரளிக்கு இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம்.

எனவே முதல் விதி: என்ன மரம் என்று தெரியாத கட்டை வேண்டவே வேண்டாம். அரளி, எருக்கு, கள்ளி மாதிரிப் பால் வடிகிற எதுவும் ஆகாது. பிசின் வடிகிறதும் ஆகாது. வேப்பமரத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பூச்சி மருந்துக்கு மூலப்பொருளாக இருக்கிற மரத்தை மீனோடு குடிவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. பச்சை மரமும் கூடாது. செத்து, நன்றாகக் காய்ந்து, பட்டை உரிந்து, நகத்தால் அழுத்தினால் பதியாத கட்டையாக இருக்க வேண்டும். பதிந்தால் உள்ளே இற்றுவிட்டது என்று அர்த்தம், தொட்டியில் கூழாகிவிடும். பருத்திக் காட்டு வரப்பில், மாந்தோப்பில் மருந்தடிக்கிற இடத்தில் கிடந்ததையும் தொடாதீர்கள். பெயின்ட் அடித்தது, பாலீஷ் போட்டது, பிளைவுட் துண்டு பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

இத்தனை பரீட்சையிலும் பாஸாகிற மரம் ஒன்று நம் வீட்டுப் பின்னாலேயே நிற்கிறது. கொய்யா! உலகம் முழுக்க மீன் தொட்டிக்காரர்கள் கொய்யாக் கட்டையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கெட்டியானது, விஷமில்லாதது, கோணல்மாணலாக வளர்வதில் அதற்கு இணை இல்லை. நண்பனின் பக்கத்து வீட்டில் இரண்டு வருடத்துக்கு முன் பட்டுப்போன கொய்யா மரத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதன் வேர்க்கட்டை கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. வீட்டுக்காரம்மா, "எடுத்துட்டுப் போங்க தம்பி, பாம்பு அடையுதுன்னு நானே பயந்துக்கிட்டு இருக்கேன்" என்றார். (உண்மை. கொல்லையில் கிடக்கும் கட்டையை வெறுங்கையால் புரட்டாதீர்கள். கம்பால் நாலு தட்டு தட்டுங்கள். தேள் குடும்பத்தோடு இருக்கும்.)

இரண்டாவது கட்டம் சுத்தம் செய்வது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணைப் போக்கி, கொதிக்கவைக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு நண்பன் மனைவியிடமிருந்து எனக்குப் போன்.

"அண்ணே, இவரை என்னன்னு கேளுங்க. இட்லிக் கொப்பரையில விறகை வேகவைக்கிறாரு!"

"அது விறகு இல்லை தங்கச்சி, கொய்யா வேர்..."

"அப்ப நாளைக்கு இட்லிக்குப் பதிலா அதையே தின்னச் சொல்லுங்க."

மறுநாள் வாடகைப் பாத்திரக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நோட்டை எடுத்தார். "விசேஷம் எந்த மண்டபத்துல சார்? எத்தனை பேருக்கு?" ஒரு கட்டைக்கு என்று சொல்ல இருவருக்கும் நா எழவில்லை. ஐம்பது பேர் என்று சொல்லி அண்டா வாங்கினோம்.

கொதிக்கவைப்பதற்கு மூன்று காரணங்கள். உள்ளே இருக்கிற பூச்சி, பூஞ்சை சாகும். கறை இறங்கும். காற்று வெளியேறும். இந்த மூன்றாவதுதான் சுவாரஸ்யம். மரம் தண்ணீரில் மிதக்கிறது என்றுதானே படித்தோம்? மரத்தின் சதை தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். அதன் நுண்ணறைகளுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் மிதக்கவைக்கிறது. காற்றை விரட்டித் தண்ணீரை உள்ளே ஏற்றிவிட்டால் கல் மாதிரி உட்கார்ந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டு, தண்ணீரை மாற்றி, மறுபடி கொதிக்கவிட வேண்டும். குக்கரில் வைத்து விசில் விடுகிற யோசனை சிலருக்கு வரும். வேண்டாம், சிலும்பு போய் வால்வை அடைத்தால் கட்டைக்குப் பதில் நீங்கள் மிதப்பீர்கள்.

முதல் தண்ணீர் ரயில்வே ஸ்டேஷன் டீ மாதிரி இருந்தது. நண்பன் பதறினான். பதற வேண்டாம். அது டானின், டீயில் இருக்கிற அதே துவர்ப்புச் சரக்கு. மீனுக்கு அது கெடுதல் இல்லை, தண்ணீர் கொஞ்சம் அமிலமாகும், அவ்வளவுதான். சண்டை மீன் வளர்ப்பவர்கள் இதற்காகவே தெருவோர பாதாம் மரத்தின் காய்ந்த இலையைத் தேடிப் பொறுக்கித் தொட்டியில் போடுகிறார்கள். பார்க்க அழகில்லை என்றால் வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும், மெல்ல வெளுத்துவிடும். கட்டை மேல் முதல் சில வாரங்கள் வெள்ளையாக, சளி மாதிரி ஒரு படலம் வரும். அதற்கும் பயப்படாதீர்கள். தானே போய்விடும்.

வேகவைத்த பிறகும் கட்டை மூழ்கவில்லை. கொல்லையில் டிரம்மில் போட்டு, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தான்.

அடுத்தது செடி. இதற்கும் காட்டுப் பக்கம் போக வேண்டியதில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வளரும் கிரிப்டோகொரைன் செடி உலகத் தொட்டிகளில் எல்லாம் இருக்கிறது உண்மைதான். ஆனால் பண்ணையில் வளர்த்ததே கடையில் கிடைக்கிறது. காட்டிலிருந்து அள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 'மிஸ் கேரளா' என்ற மீனே சாட்சி. சிவப்புக் கோடு போட்ட அழகி. வெளிநாட்டுத் தொட்டிகளுக்காக ஆறு ஆறாக வலை வீசிப் பிடித்து, இன்று அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறாள். 2008-ல் கேரள அரசு அவளைப் பிடிக்கக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியிருந்தது.

நமக்கு ஊர்க் கண்மாய் போதும். மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒரு கைப்பிடி எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வேலம்பாசி கிடைக்கும். நான்கு இலை சேர்ந்து பூ மாதிரி இருக்கும் ஆரைக்கீரை கிடைக்கும். சமைத்துத் தின்கிற அதே கீரை தண்ணீருக்குள் தொட்டியின் முன்பக்கம் சின்னப் புல்வெளியாகப் படரும். அதிர்ஷ்டமிருந்தால் கொட்டி கிடைக்கும். மூதுரையில் ஔவையார், குளம் வற்றியதும் பறந்துபோகிற பறவைகளுக்கு எதிரே நிறுத்திக் காட்டும் மூன்று செடிகளில் முதலாவது இதுதான். கிழங்கை அவித்துத் தின்பவர்கள் உண்டு. இதன் சொந்தக்காரச் செடிகளை 'அப்பனோஜிடான்' என்று வாயில் நுழையாத பெயரில் மீன் கடையில் விற்கிறார்கள். வயலைத் தாண்டி வருகிற கண்மாய்த் தண்ணீரில் உரமும் மருந்தும் இருக்கும் என்பதால், மருந்தடித்த சமயத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

செடியோடு விருந்தாளிகளும் வருவார்கள். நத்தை முட்டை, அட்டை, தட்டான் பூச்சியின் குஞ்சு. இந்தக் கடைசி ஆசாமி மோசம். தண்ணீருக்குள் வேட்டைக்காரன், மீன்குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்ப்பான். பொட்டாசியம் பெர்மாங்கனேட் இரண்டு மூன்று துகள் போட்டு, தண்ணீர் இளம் ரோஜா நிறமானதும் செடியைப் பத்து நிமிடம் முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பிறகு மூன்று வாரம் தனி வாளியில் குடித்தனம். நத்தை முட்டை பொரித்தால் அங்கேயே தெரிந்துவிடும். வாளியை மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் டெங்கு கொசு வளர்ப்பு நிலையமாகி, கொசு ஒழிப்புக்கு வரும் நகராட்சிப் பெண்கள் தெருவே கேட்கும்படி உங்களுக்கு அர்ச்சனை செய்வார்கள்.

தொட்டியில் செடி அதிகமாகிவிட்டால் கண்மாயில் கொண்டுபோய் வீசாதீர்கள், வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். அழகுக்காக இந்தியாவுக்கு வந்த தென்னமெரிக்க ஆகாயத்தாமரை இன்று நம் குளங்களை மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். கண்ணாடியை நக்கும் 'டேங்க் கிளீனர்' மீனைப் பெரிதானதும் ஏரியில் விட்ட புண்ணியவான்களை இன்றைக்கு வலையில் அந்த முள்ளு மீனே சிக்கிக் கிழிக்கிற மீனவர்கள் தினமும் வாழ்த்துகிறார்கள்.

நண்பனின் கொய்யா வேர் பத்தொன்பதாம் நாள் மூழ்கியது. காலை ஆறு மணிக்குப் போன். "மாப்ள, உக்காந்துருச்சு!" குழந்தை பிறந்த செய்தி மாதிரிச் சொன்னான். தொட்டியில் வைத்து, பின்னால் வேலம்பாசி, முன்னால் ஆரை, வேர் மூலையில் கொட்டி. ஒரு மாதம் கொட்டி பிரமாதமாக வளர்ந்தது. அப்புறம் ஒவ்வொரு இலையாக உதிர்ந்து மொட்டைக் கிழங்கு மட்டும் நிற்கிறது. தங்கச்சி செத்துவிட்டது என்கிறார், தூக்கிப்போடச் சொல்கிறார். இவனோ அது தூங்குகிறது, கண்மாய் வற்றும் காலத்தில் தூங்கித்தான் அதற்குப் பழக்கம் என்று காவல் காத்துக்கொண்டிருக்கிறான். இருவரும் என்னைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் போக வேண்டும்.